எதிர்க்கரையில் ஒதுங்கிய அப்பா

எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னால் கிடப்பதை ஓடை என்று சொல்வதே ஒரு மரியாதைக்காகத்தான். வருடத்தில் பாதிக்காலம் அது ஓடுவதில்லை. கட்டைபறிச்சான் பக்கத்து வயல்களின் கழிவுநீரும் சின்னக் குளம் ஒன்றின் மிச்சத் தண்ணீரும் சேர்ந்து புறப்பட்டு, கண்டல் பற்றைகளுக்குள்ளால் நெளிந்து, கொட்டியாரக் குடாவில் போய் விழவேண்டும் என்பது அதன் நோக்கம். மாரியில் அந்த நோக்கம் நிறைவேறும். மழை விட்டுச் சில வாரங்களில் கடல் மணலை அள்ளிப் போட்டு ஓடையின் வாயை மூடிவிடும். பிறகு அடுத்த மாரிவரை அது நீளமான ஒரு குட்டை. தண்ணீர் போகவும் மாட்டாது, வரவும் மாட்டாது. பின்னேரம் கடற்காற்று அடித்தால் மேலே கிடக்கிற சருகும் தேங்காய்மட்டையும் கடலை விட்டு ஊருக்குள் மிதந்து வரும். நிலப்படத்தில் இதற்கு ஒரு மெல்லிய நீலக்கோடு உண்டு, பெயர் இல்லை. பெயர் வைக்கும் அளவுக்கு அது யாருக்கும் உபகாரம் செய்ததுமில்லை.

ஆனால் சீவராசிகளுக்குக் குறைவில்லை. ஜப்பான் மீன் என்று நாங்கள் சொல்லும் திலாப்பியா, கெளுத்தி, இறால், கால் நனையாமல் நண்டு பிடிக்கத் தெரிந்த கொக்கு, ஒன்றும் பிடிக்கத் தெரியாத என் மாமா, எல்லாம் அதில் உண்டு. ஒரு வருடம் வெள்ளத்தோடு கந்தளாய்ப் பக்கமிருந்து முதலை ஒன்று வந்துவிட்டதாக ஊர் கலங்கியது. அதை முழுதாகப் பார்த்தவர் எவரும் இல்லை. ஒருவர் வாலைப் பார்த்தார், ஒருவர் கண்ணைப் பார்த்தார், ஒருவர் அது கொட்டாவி விட்டதைப் பார்த்தார். எல்லாரும் பார்த்ததைச் சேர்த்தால் லொறி அளவுக்கு வரும். வந்து பார்த்த அதிகாரி ஒருவர், "இது கபரக்கொய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய உடும்பு ஒன்றுக்கா இவ்வளவு நாளும் பயந்தோம் என்று ஊருக்குப் பெரிய அவமானம். அந்த அதிகாரிக்குக் கண் சரியில்லை என்று முடிவு செய்து, தொடர்ந்து பயந்தோம்.

ஓடையின் வாயை எப்போது வெட்டுவது என்பது அடுத்த சண்டை. வெள்ளம் வயலில் ஏறுமுன் மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடவேண்டும் என்பார்கள் வயல்காரர். இறால் வளரட்டும், பொறுங்கோ என்பார்கள் இறால்காரர். கோயில் முன்றலில் கூட்டம் கூடும், பேச்சு ஏறும், யாராவது சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்புவார்கள். அதற்குள் மழை பெய்து தண்ணீர் தானே மணலை உடைத்துக்கொண்டு போய்விடும். இரண்டு பகுதியும் தாங்களே வென்றதாகச் சொல்லிக்கொண்டு சாப்பிடப் போகும்.

யுத்தத்தின்போது, ஆர் வருகிறான் என்று பார்ப்பதற்காகக் கரைக் கண்டலையெல்லாம் வெட்டினார்கள். பிறகு ஒரு நாள் ஷெல்லுக்குப் பயந்து நாங்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இல்லை, கிணற்றில் தண்ணீர் குடிக்கும்படியாக இல்லை, ஓடை இருந்த இடத்தில் இல்லை. நாங்கள் மட்டும் இடம்பெயர்ந்தோம் என்று நினைத்திருந்தோம். அதுவும் பெயர்ந்திருந்தது. எங்கள் வளவின் பின்மூலையை அறுத்துக்கொண்டு, புதிதாக ஒரு வளைவு எடுத்து ஓடியது. அதனால் எங்கள் காணியில் ஒரு துண்டும் அதில் நின்ற ஒரேயொரு தென்னையும் எதிர்க்கரைக்குப் போய்விட்டன.

எதிர்க்கரை என் சித்தப்பாவினுடையது. அப்பாவின் ஒரே தம்பி. இரண்டு பேருக்கும் தகப்பன் காணியைப் பிரித்துக் கொடுத்தபோது, ஓடைதான் எல்லை என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஓடைக்கு நடக்கத் தெரியும் என்று யாருக்குத் தெரியும்?

"பழைய ஓடைதான் எல்லை. தென்னை என்ர" என்றார் அப்பா.

"ஓடை எங்க ஓடுதோ அங்கதான் எல்லை. ஓடையிட்டப் போய்க் கேளுங்கோ" என்றார் சித்தப்பா.

அகதி முகாமில் ஒரே பாயில் படுத்து ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தவர்கள். ஒரு தென்னைக்காக, அதுவும் குரும்பட்டியிலேயே பாதியைக் கொட்டுகிற தென்னைக்காக, முகம் பாராமல் போனார்கள். நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவள். ஆறு வளைந்தோடும்போது வெளிக்கரையை அரிக்கும், உட்கரையில் மண் சேர்க்கும், இது இயற்கை என்று அப்பாவுக்குப் படம் கீறிக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இதில என்ர தென்னை எங்க?" என்று கேட்டார். அதன்பிறகு நான் வாய் திறக்கவில்லை என்று சொன்னால் பொய். திறந்தேன், ஆனால் ஏசுவதற்காக மட்டும்.

ஊர்ப் பெரியவர்கள் வந்து, "நீரடிச்சு நீர் விலகுமே?" என்று வழக்கமான பழமொழியைச் சொன்னார்கள். "விலகிட்டுதே, பின்னால போய்ப் பாருங்கோ" என்றார் அப்பா. அவர்களிடம் வேறு பழமொழி இருக்கவில்லை.

கடைசியில் அப்பாவே ஒரு சட்டம் வைத்தார். தென்னை ஓடைப்பக்கம் சரிந்து நின்றது, காய் விழுந்தால் தண்ணீரில்தான் விழும். ஓடை எந்தக் கரையில் கொண்டுபோய் ஒதுக்குகிறதோ, காய் அந்தக் கரைக்காரனுக்கு. சித்தப்பா உடனே ஒத்துக்கொண்டார். தண்ணீரின் இழுவை எங்கள் கரைக்குத்தான் என்று அப்பா மாரியில் பார்த்து வைத்திருந்தார். வெயில் காலத்தில் தண்ணீர் இழுக்காது, காற்றுத்தான் தள்ளும், காற்று சித்தப்பாவின் துறைக்குத் தள்ளும் என்பதை அவர் பார்க்கவில்லை. ஆக வருடத்தில் பாதி எங்களுக்குத் தேங்காய்ச் சம்பல், பாதி அவருக்கு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அதுவே அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு வெயில் காலத்திலும் மண்வெட்டியோடு இறங்கி ஓடையைப் பழைய வழிக்குத் திருப்பக் கால்வாய் வெட்டுவார். சித்தப்பா எதிரே கதிரை போட்டிருந்து, "இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்ட வேணும்" என்று காற்றுக்குச் சொல்வார். அப்பா, "சில பேருக்கு வேலைவெட்டி இல்லை" என்று மண்வெட்டிக்குச் சொல்வார். மாரி வந்ததும் ஓடை அந்தக் கால்வாயை மண்ணால் நிரப்பிவிட்டுத் தன் பாட்டில் போகும். வருடக்கணக்காக இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஆனால் ஒரு நாளும் பேசாமல் இருந்ததுமில்லை.

"செத்தாலும் அவன்ர கரையில கால் வைக்கமாட்டன்" என்பது அப்பா சாப்பாட்டுக்கு முன் சொல்லும் தேவாரம் மாதிரி. இன்னொன்றும் சொல்வார்: "என்ர சாம்பலை இந்த ஓடையிலதான் விடவேணும். இது என்னைக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்." தன் காணியைப் பிடுங்கிய ஓடையில் அந்த மனிதருக்கு அப்படியொரு நம்பிக்கை.

புரட்டாசியில், மழைக்கு முன்னர், ஒரு காலையில் அப்பா எழும்பவில்லை.

செத்தவீட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். அன்று முழுவதும் சித்தப்பா தன் கரையில் நின்றார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சால்வையை இடுப்பில் சுற்றி, வெற்று மேலோடு நின்றார். எங்கள் பக்கம் பறை அடித்தது, வெடி போட்டார்கள், வெள்ளைக்கொடி அவர் கண்ணுக்கு முன்னால் பறந்தது. அவர் ஓரடி எடுத்து வைக்கவில்லை. "புதினம் பாக்க நிக்கிறான்" என்றார் மாமா, என் அம்மாவின் தம்பி. நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு கல்லைத் தூக்கி எறிந்திருப்பேன், பெண்கள் என்னைப் பிடித்து வைத்திருந்ததால் எறியவில்லை.

காடாத்தும் வந்தது. சுடலையில் பால் ஊற்றி, எலும்பும் சாம்பலும் பொறுக்கி, மண்முட்டியில் போட்டு, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டித் தண்ணீரில் விடும் சடங்கு. பெண்கள் போவதில்லை, ஆகவே நான் வீட்டில் நின்று ஆண்களுக்குப் புத்தி சொன்னேன். "வாய் மூடிக் கிடக்கு. தண்ணி ஓடேல்லை. கடலுக்கே கொண்டுபோங்கோ, கூப்பிடு தூரந்தானே" என்றேன். கொழும்பிலிருந்து வந்திருந்த என் தமையனுக்கு ஓடை ஓடாது என்பதே மறந்துபோயிருந்தது. "ஓடை எண்டால் ஓடும்தானே" என்றான். மாமா, "அத்தான் ஓடையில விடச் சொன்னவர், ஓடையிலதான்" என்றார். வழியில் ஒரு பொட்டுச் சாம்பலும் சிந்தக்கூடாது என்று முட்டியின் வாயைத் தானே கட்டினார். ஓடையில் ஒன்றும் பிடிக்காவிட்டாலும் மாமா கடல் தொழிலாளி. வலைக்கு மிதப்பு வைத்துக் கட்டும் முடிச்சைப் போட்டிருக்கிறார். அந்த முடிச்சு கடல் இழுத்தாலும் அவிழாது. அவிழக்கூடாது என்பதற்காகவே உள்ள முடிச்சு அது.

பின்னேரம் என் தமையன் ஓடையின் வாய்ப்பக்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்திருக்கிறான். நகத்தாலும் ஏலவில்லை, பல்லாலும் ஏலவில்லை. குருக்கள் அவசரப்படுத்த, முட்டியை அப்படியே தலைக்கு மேலால் பின்பக்கம் விட்டு, முங்கி எழும்பி, கரையேறியிருக்கிறான். விட்ட பிறகு திரும்பிப் பார்க்கக்கூடாது. யார் கூப்பிட்டாலும், என்ன சத்தம் கேட்டாலும் திரும்பக்கூடாது. திரும்பினால் போகிற உயிர் போகாமல் பின்னால் வந்துவிடும்.

நான் வீடு கழுவும்போது எடுத்த பாய்களை எங்கள் துறையில் அலசிக்கொண்டிருந்தேன். ஓடைக்கரைப் பாதையால் ஆண்கள் ஈர வேட்டிகளோடு, தலை குனிந்து, ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் பின்னால், தண்ணீரில், வெள்ளைத் துணி கட்டிய முட்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. கடற்காற்று அதை மெதுவாகத் தள்ளியது. இவர்கள் நடந்தால் அதுவும் நகர்ந்தது. பாதையில் முள் கிடந்து இவர்கள் நின்றபோது, அதுவும் ஒரு கண்டல் வேரில் தட்டி நின்று, அவர்கள் நடக்கத் தொடங்கியதும் விடுபட்டு வந்தது. அப்பாவும் சடங்குக்குப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்புகிற மாதிரித்தான் இருந்தது.

"திரும்பிப் பாருங்கோ! அப்பா பின்னால வாறார்!" என்று கத்தினேன்.

யோசித்துப் பார்த்தால், அந்த நேரத்தில் சொல்லக்கூடாத வசனம் அதைவிட வேறில்லை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வேகமாக நடந்தார்கள். குருக்கள் ஓடினார். என் தமையன் காதைப் பொத்திக்கொண்டு, "போங்கோ அப்பா, போங்கோ அப்பா" என்று அழத் தொடங்கினான். முட்டி எங்கள் துறைக்கு நேராக வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, காற்றோடு விலகி, எதிர்க்கரைக்குப் போனது. சித்தப்பா தன் துறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். முட்டி அவர் காலடியில் போய்த் தட்டியது. அவர் தூண்டிலைக் கீழே வைத்தார். துணியைப் பார்த்தார், அக்கரைப் பாதையில் ஓடுகிற ஈர வேட்டிகளைப் பார்த்தார், விளங்கிவிட்டது. சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குழந்தையைத் தூக்குகிற மாதிரி முட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். அந்தியேட்டிக் கிரியை முப்பத்தோராம் நாள். அதற்கு முன்னர் சாம்பல் தண்ணீரில் கரையவேண்டும். "போய்ச் சேராத மனுசனுக்கு என்ன அந்தியேட்டி? என்னெண்டு நான் சாப்பிடுறது?" என்றார். சொன்னபடியே செய்தார். தேத்தண்ணி மட்டும் குடித்தார், அதுவும் நான் பக்கத்தில் நின்று ஏசினால்தான். இது விளையாட்டில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவையும் சேர்த்து இழந்துவிடுவேன் என்று பயந்தேன்.

மாமா போய்க் கேட்டார். சித்தப்பா தரவில்லை.

"ஓடை கொண்டுவந்து என்ர கரையில ஒதுக்கினது என்ர. அது அண்ணர் வைச்ச சட்டம். நான் மாத்த ஏலாது."

"அது தேங்காய்க்கு வைச்ச சட்டம்!" என்று மாமா கத்தினார்.

"தேங்காய்க்கு மட்டும் எண்டு அவர் சொன்னவரோ? சொல்லியிருந்தால் நான் அண்டைக்கே ஒத்துக்கொண்டிருக்கமாட்டன்."

ஊர் இரண்டுபட்டது. சட்டம் சட்டந்தான் என்று ஒரு பகுதி. மனுசன் தேங்காயா என்று ஒரு பகுதி. இதே கூட்டம்தான் முதலைக்கும் கூடியது, இதே அளவு விளக்கத்தோடு.

மறுநாளுக்கு மறுநாள் நானே போனேன். ஓடையை அந்த இடத்தில் தொடையளவு தண்ணீரில் கடக்கலாம், பாலத்தால் போனால் நெடுந்தூரம். வேட்டைக்குப் போகிறவள் மாதிரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன், நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று. சித்தப்பாவின் வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். ஒன்றில் அவர். மற்றதில் முட்டி. முட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் தேத்தண்ணி.

"தென்னை என்ரதான், அண்ணர்" என்றார் சித்தப்பா. கொஞ்சம் பொறுத்து, குரலைத் தடிப்பாக்கி, "ஆர் சொன்னது? பழைய ஓடை எங்க கிடந்தது எண்டு ஊருக்கே தெரியும்" என்றார். அது அப்பாவின் குரல். இருமல் கூட அப்பாவின் இருமல். பிறகு தன் குரலில், "சரி, அதையும் யோசிக்கத்தான் வேணும்" என்று தலையாட்டினார். இவ்வளவு காலத்தில் அப்பா ஒரு வாதத்தில் வென்றதை நான் அன்றுதான் பார்த்தேன். என்னைக் கண்டதும் அவர் எழும்பினார்.

"பிள்ளை, தேத்தண்ணி குடிக்கிறியே?"

"சித்தப்பா, அம்மா சாப்பிடுறா இல்லை. முட்டியைத் தாங்கோ."

அவர் முகம் மாறியது. கதிரையின் பின்னால் போய், முட்டிக்கு மேலே கையை வைத்துக்கொண்டார்.

"அண்ணர் செத்தது எனக்கு ஆர் சொன்னது? சொல்லு. ஒராள் வந்ததோ? ஊரெல்லாத்துக்கும் ஆள் போய்ச் சொன்னது. சம்பூருக்குச் சொன்னது, திருகோணமலைக்குப் போனில சொன்னது. கூடப்பிறந்த எனக்கு ஒருத்தரும் சொல்லி விடேல்லை. நான் விடிய எழும்பி முழுகி, வேட்டி கட்டி, சால்வையோட நிண்டனான். இப்ப வருவினம், இப்ப வருவினம் எண்டு நிண்டனான். பாடை போற மட்டும் நிண்டனான்."

"கெட்டதுக்குச் சொல்லாமலே போகவேணும் எண்டுதானே சொல்லுறது, சித்தப்பா..."

"அது பிறத்தியாருக்கு. தம்பிக்கு ஆள் வந்து சொல்லவேணும்." அவர் முட்டியைத் தடவினார். "கடைசியில அவரே வந்து சொன்னவர். வந்த மனுசனை நான் அனுப்பமாட்டன்."

நான் திரும்பித் தண்ணீருக்குள் இறங்கினேன். உண்மை அதுதான். அம்மா, என் தமையன் சொல்லியிருப்பான் என்று நினைத்தார். தமையன், மாமா சொல்லியிருப்பார் என்று நினைத்தான். மாமா, அவனுக்குத்தான் கண் தெரியுதே என்று நினைத்தார். நான் கல் எறிய நினைத்தேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் எழும்பி, வெள்ளைச் சேலையைச் சரிசெய்து, "நட" என்றார். முப்பத்தொன்று முடியாமல் தாலி இழந்தவள் வளவை விட்டு வெளிக்கிடக்கூடாது என்று மாமா தடுத்தார். "அவர் மட்டும் ஓடை கடந்து போகலாமோ?" என்று கேட்டார் அம்மா. பாலத்தால் போகலாம் என்றேன். "அவர் போன வழியால போறன்" என்றார். நானும் தமையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, தண்ணீருக்குள் இறங்கினார். நடுவில் கால் சேற்றில் புதைந்தபோது நின்று, ஓடையைப் பார்த்து, "மூதேவி" என்றார். அந்த ஓடைக்கு எங்கள் வீட்டில் கிடைத்த ஒரே பெயர் அதுதான்.

சித்தப்பா கண்டதும் ஓடிப்போய் உள்ளேயிருந்து இன்னொரு கதிரை கொண்டுவந்தார். அம்மா கதிரையில் இருக்கவில்லை. செத்தவீட்டுச் செய்தி சொல்லப் போகிறவர்கள் இருப்பதில்லை, வாசலில் நின்றே சொல்லவேண்டும். அம்மா வாசலில் நின்றார். சேலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"தம்பி" என்றார். "உங்கட அண்ணர் மோசம் போயிட்டார். உங்களுக்குச் சொல்ல வந்தனான்."

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். முட்டி கதிரையில் இருக்கிறது, அதற்கு வைத்த தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கிறது, இத்தனை நாளும் அதோடு கதைத்துக்கொண்டிருந்த மனிதர். அந்த வார்த்தையைக் கேட்டதும், அந்த நிமிடத்தில்தான் செத்த மாதிரி, "ஐயோ அண்ணர்" என்று நிலத்தில் விழுந்து குழறினார். அம்மாவும் அவருக்குப் பக்கத்தில் இருந்து அழுதார். செத்த அன்றைக்கு அழாத அழுகை. என் தமையன் அழுதான். நானும் அழுதேன், வெட்கப்படாமல்.

முட்டியைத் தருவதற்குச் சித்தப்பா சம்மதித்தார். ஆனால் ஓடையால்தான் போகவேண்டும் என்றார். அண்ணர் சொன்னது அதுதானே. அதற்கு மணலை வெட்டவேண்டும், வெட்டுவதென்றால் இறால்காரரைக் கேட்கவேண்டும். மாமா போய்க் கேட்டுவந்தார். அவர்கள் கூடிக் கதைத்து, செத்த மனுசனுக்காக என்று இரங்கி, "ஒராள் போற அளவுக்கு மட்டும் வெட்டலாம்" என்று அனுமதி கொடுத்தார்களாம்.

சித்தப்பாவும் என் தமையனும் மணலில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினார்கள். வெட்டும்போது, "இன்னும் கொஞ்சம் ஆழம்" என்று சொல்ல ஆள் இல்லாமல், சித்தப்பா இரண்டு மூன்று தரம் நிமிர்ந்து பக்கத்தில் பார்த்தார். இந்த முறை நானும் அம்மாவும் போய் நின்றோம், ஒருவரும் தடுக்கவில்லை. தண்ணீர் மெல்லக் கடலுக்கு வழிந்தது. முடிச்சை மாமாவே அவிழ்க்கப் பார்த்தார், அவராலும் ஏலவில்லை, கத்தியால் அறுத்தார். எல்லாம் ஆயத்தம். சித்தப்பா முட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார். விடவில்லை.

"விடுங்கோ, தம்பி" என்றார் அம்மா.

"மச்சாள், இனி நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?"

அம்மா தண்ணீருக்குள் ஓரடி இறங்கினார். "நான் இருக்கிறன்தானே" என்றார். "முதல் அவரை விடுங்கோ."

அவர் முட்டியைச் சரித்தார். சாம்பல் தண்ணீரில் பால் கரைகிற மாதிரிக் கரைந்து, வாய்க்காலால் கடலுக்குள் போனது. அப்பா போய்ச் சேர்ந்தார். அன்று பின்னேரம் அந்த வாய்க்கால் தன் இரண்டு கரையையும் தின்று, பெருத்து, மணல்மேட்டில் பாதியை உடைத்து, ஓடைத் தண்ணீர் முழுவதையும் இறாலோடு கடலில் கொண்டுபோய்க் கொட்டியது. இறால்காரர் வந்து வாசல் படலையில் நின்று கத்தினார்கள். "ஒராள் எண்டுதானே சொன்னனாங்கள்!" "அவர் தனியப் போற ஆள் இல்லை" என்றார் சித்தப்பா, எங்கள் முற்றத்தில் நின்று. எங்கள் முற்றத்தில் அவர் அதற்கு முன் எப்போது நின்றார் என்று எனக்கு ஞாபகமில்லை. அன்றிரவு அம்மா சோறு சாப்பிட்டார்.

அந்தியேட்டி முடிந்தது. தமையன் கொழும்புக்குப் போனான். மழை பிடித்தது, ஓடை நிறைந்தது. அதன் பிறகுதான் வீடு வெறுமையானது. சண்டைச் சத்தம் இல்லாத அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. அம்மா விடிந்தும் பாயை விட்டு எழும்பமாட்டார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது, விட்டுப்போன இடத்திலேயே சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். எதிரே சித்தப்பா கதிரை போட்டு, ஒன்றும் பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் போய்க் கூப்பிட்டால் வருவார், ஒரு வாய் தேத்தண்ணி குடிப்பார், மரியாதையாக நாலு வார்த்தை கதைத்துவிட்டுப் போவார். சமாதானம் அந்த மனிதருக்கு ஒத்துவரவில்லை.

பிறகு ஒரு நாள் அவர் எங்கிருந்தோ தாரா வாத்துகள் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்தார். தாரா வளர்த்து அவருக்குப் பழக்கமில்லை, முட்டையும் பிடிக்காது. மறுநாள் காலையில் அவற்றை ஓடையில் இறக்கி, ஒரு தடியால் எங்கள் கரைப்பக்கம் துரத்தியதை நான் கண்ணால் கண்டேன். தாராக்கள் எங்கள் துறையில் ஏறி, உடுப்புத் தோய்க்கிற கல்லை அசிங்கப்படுத்தி, கத்தரிக்கன்றுக்குள் புகுந்தன.

அம்மா பாயிலிருந்து எழும்பினார். கொண்டையை முடிந்துகொண்டு, விளக்குமாற்றோடு துறைக்கு நடந்தார். இத்தனை நாளில் அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்க்கவில்லை.

"என்ன தம்பி இது? கரை எண்டு ஒண்டு இருக்கிறது உங்கட தாராவுக்குத் தெரியாதோ? கத்தரிக்கண்டு முழுக்கப் போச்சு! கேக்க ஆளில்லை எண்ட நினைப்போ?"

சித்தப்பா கதிரையிலிருந்து எழும்பினார். ஓடையில் தேங்காய் விழுந்தால் வீட்டுக்குள் படுத்திருந்தே கேட்கிற காது அவருக்கு. கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, கரையின் விளிம்புவரை வந்தார்.

"கேக்கேல்லை, மச்சாள்! பெலத்துச் சொல்லுங்கோ!"

அம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, முதலிலிருந்து திரும்பவும் சொல்லத் தொடங்கினார்.